காலநிலைச் சட்டங்களும் லாபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாபி என்பது நாசூக்கான லஞ்சம்தானே?

அப்படி எண்ணிக்கொண்டு பார்த்தால் நடப்பதில் பாதி கண்ணில் படாது. லஞ்சம் குற்றம். லாபி, அதாவது சட்டம் எழுதுவோரைத் தமக்குச் சாதகமாகச் சாய்க்கும் வேலை, பெரும்பாலான மக்களாட்சி நாடுகளில் சட்டப்படியான தொழில். அரசிடம் மனுக் கொடுக்கும் உரிமையின் நீட்சியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். உறையில் பணம் கொண்டுவருபவரைவிட, சட்டத் திருத்தத்தை வரிக்கு வரி எழுதிக் கொண்டுவருபவருக்கே இந்தத் தொழிலில் மதிப்பு.

2009இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்த வாக்ஸ்மன்-மார்க்கி காலநிலை மசோதா 1,400 பக்கங்களைத் தாண்டியது. ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் எரிசக்தியைக் கவனிக்க ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் தலையிலேயே வேறு நான்கு துறைகளும் இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "இந்த நாற்பது பக்கம் உங்கள் தொகுதியில் உள்ள மூன்று ஆலைகளை இப்படிப் பாதிக்கும். இதோ கணக்கு, இதோ மாற்று வாசகம். சாட்சி சொல்ல நிபுணர் வேண்டுமென்றாலும் தயார்" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எதிரணியில் இருப்பவரை மனம் மாற்றுவது அரிதான வேலை. ஏற்கெனவே சாதகமாக இருப்பவருக்குச் சம்பளம் வாங்காத உதவியாளராக இருப்பதுதான் அன்றாட வேலை.

யார் யார் களத்தில் இருக்கிறார்கள்?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள், மின்வாரியங்கள், சிமென்ட், எஃகு, ரசாயன ஆலைகள், கார் தயாரிப்பாளர்கள், விவசாயச் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், சூரிய மின்சக்தி, காற்றாலைத் துறையினர், சுற்றுச்சூழல் அமைப்புகள். எல்லோரும் ஒரே எடையில் இல்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2016 வரை காலநிலை மசோதாக்களை ஒட்டி 200 கோடி டாலருக்கு மேல் லாபிக்குச் செலவானதாக, அரசிடம் தாக்கலான அறிக்கைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு காட்டியது. அதே காலத்தில் சுற்றுச்சூழல் அமைப்புகளும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையும் சேர்ந்து செலவிட்டதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கை எதிரே இருந்த பெருந்தொழில் துறைகள் செலவிட்டிருந்தன.

மக்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்? பிறகு ஏன் சில நிறுவனங்கள் வெல்கின்றன?

கணக்குப் போட்டால் புரியும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் ஒரு சிமென்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 30 டாலர் கார்பன் வரி வந்தால் ஆண்டுச் சுமை 3 கோடி டாலர். அதைத் தடுக்க முழுநேர ஆட்கள் ஐந்து பேரையும் ஒரு சட்ட நிறுவனத்தையும் அமர்த்தினாலும் செலவு அதில் ஒரு துளிதான். அதே வரியால் வரும் நன்மையோ கோடிக்கணக்கானவர்களுக்குச் சிறுசிறு பங்காக, பல பத்தாண்டுகளுக்குப் பரந்து கிடக்கிறது. அதில் பாதிப்பேர் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவர்கள் நிலைக்குழு விசாரணைக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள்.

சட்டம் உருவாகும் பாதையில் எந்த இடத்தில் செல்வாக்கு அதிகம்?

கடைசி வாக்கெடுப்பில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். செய்தியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரும்போது பெரும்பாலான பேரம் முடிந்திருக்கும். முதல் வரைவு பொதுவெளிக்கு வருமுன் அமைச்சகத்தில் நடக்கும் ஆலோசனைதான் மிக மலிவான, மிகப் பலன் தரும் இடம். அங்கே ஒரு சொல்லை நீக்குவதற்கு ஒரு கூட்டம் போதும். அடுத்தது நிலைக்குழு. 1993இல் கிளின்டன் அரசு எல்லா எரிபொருளின் மீதும் வெப்ப அளவைக் கணக்கிட்டு வரி போட முயன்றது, பி.டி.யு. வரி என்று பெயர். பிரதிநிதிகள் சபையில் 219க்கு 213 என்று தப்பித்தது. செனட் நிதிக்குழுவில் ஆளுங்கட்சிக்கு 11 பேர், எதிர்க்கட்சிக்கு 9 பேர். எண்ணெய் வளம் மிக்க ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எதிர்ப்புக்குத் திரும்பினார், வரி செத்தது. மிஞ்சியது கேலனுக்கு 4.3 சென்ட் எரிபொருள் வரி மட்டும். நாடு முழுவதும் பிரசாரம் நடந்ததுதான், ஆனால் குறி அந்த ஒற்றை ஓட்டு. கீழ்ச்சபையில் கையைத் தூக்கிவிட்டு மேற்சபையில் கைவிடப்படுவதற்கு 'பி.டி.யு. ஆக்கப்படுவது' என்றே வாஷிங்டனில் ஒரு வழக்கு உண்டானது.

சட்டம் நிறைவேறிய பின் விதிகள் எழுதும் கட்டம் வருகிறது. பத்திரிகைகள் கவனிப்பது குறைவு, தொழில்நுட்பம் அதிகம், கருத்துச் சொல்லக் காலக்கெடு பெரும்பாலும் 30 முதல் 60 நாள். ஆலையின் உள்விவரங்கள் ஆலைக்காரர்களிடமே இருப்பதால், விதி எழுதும் அதிகாரிக்கு அவர்களிடம் கேட்பதைத் தவிர வழியும் குறைவு. கடைசியாக வழக்குமன்றமும், அமலாக்கத்துக்கான நிதி ஒதுக்கீடும்.

லாபியின் நோக்கம் மசோதாவைத் தோற்கடிப்பதுதானே?

சில சமயம். பெரும்பாலும் சட்டம் வரட்டும், பல் மட்டும் இருக்க வேண்டாம் என்பதுதான் நோக்கம். தலைப்பில் இருக்கும் இலக்கு எண் அப்படியே இருக்கும். அதை எப்படிக் கணக்கிடுவது என்பது மாறியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார் விதியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 2020இல் புதிய கார்களின் சராசரி உமிழ்வு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்பது இலக்கு. ஜெர்மனியின் அழுத்தத்தால் 2013இல் அது மறுபடி பேரத்துக்கு வந்தது. எண் மாறவில்லை. மாறியவை இவை: 2020இல் விற்கும் கார்களில் மிக மோசமான 5 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், முழுக் கணக்கு 2021இல்தான். கூடவே 50 கிராமுக்குக் கீழே வெளியிடும் கார் ஒவ்வொன்றும் 2020இல் இரண்டு காராகவும், 2021இல் 1.67 ஆகவும், 2022இல் 1.33 ஆகவும் எண்ணப்படும்.

இதன் விளைவு என்ன? 110 கிராம் வெளியிடும் 90 பெட்ரோல் கார்களும் 10 மின்சார கார்களும் விற்றால் உண்மையான சராசரி 99 கிராம், இலக்கு தவறிவிட்டது. மின்சார கார்களை இரண்டிரண்டாக எண்ணினால் 9,900ஐ 110ஆல் வகுக்க வேண்டும்: 90 கிராம். இந்தச் சலுகைக்கு மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து 7.5 கிராம் உச்சவரம்பு இருந்ததால் 91.5 வரைதான் இறங்க முடியும். அப்படியும் இலக்கு எட்டப்பட்டதாகிவிடும். சாலையில் ஓடுவது அதே நூறு கார்கள்தான். வெளியே போகும் புகையும் அதேதான்.

வரையறையை வளைப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 'இலகு ரக டிரக்' என்பதற்குக் காரைவிடத் தளர்வான மைலேஜ் விதிக்கு இடம் கொடுத்தது. பண்ணை வண்டிகளை மனத்தில் வைத்து வந்த பிரிவு அது. பின்னாளில் எஸ்.யூ.வி. வண்டிகள் அந்தப் பிரிவுக்குள் வசதியாகக் குடிபுகுந்தன.

இலவச உமிழ்வு அனுமதி கொடுப்பதில் என்ன தவறு? எப்படியும் மொத்த வரம்பு இருக்கிறதே?

உமிழ்வு வணிகம் என்பது இதுதான்: அரசு மொத்த உமிழ்வுக்கு வரம்பு வைத்து, அந்த அளவுக்கு அனுமதிகளை வெளியிடும். உமிழ்பவர் டன்னுக்கு ஓர் அனுமதி வைத்திருக்க வேண்டும், மிஞ்சினால் விற்கலாம். வரம்பு கறாராக இருந்தால் உமிழ்வு குறையத்தான் செய்யும். அந்த வாதம் சரி. சிக்கல் இரண்டு. ஒன்று, யாருக்கு எவ்வளவு என்ற பேரத்தில் வரம்பே ஊதிவிடும். 2005இல் தொடங்கிய ஐரோப்பிய உமிழ்வு வணிகத்தின் முதல் கட்டத்தில் குறைந்தது 95 சதவீத அனுமதிகள் இலவசம். ஒவ்வொரு நாடும் தன் தொழில்களுக்குத் தாராளமாக ஒதுக்க, தேவைக்கு மேல் அனுமதிகள் குவிந்தன. 2007இல் விலை ஏறக்குறைய பூஜ்யம்.

இரண்டாவது, இலவசமாகப் பெற்றதற்கும் நுகர்வோர் காசு கொடுத்தார்கள். நிலக்கரி மின்நிலையம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். அனுமதி விலை டன்னுக்கு 20 யூரோ என்றால் யூனிட்டுக்கு 2 சென்ட். அனுமதியைப் பயன்படுத்தாமல் விற்றால் அந்த 2 சென்ட் கிடைக்கும் என்பதால், மின்சார விலையில் அதையும் சேர்த்தே நிறுவனம் விற்கும். இது ஏமாற்று இல்லை, சந்தை விலை அப்படித்தான் அமையும். ஆனால் கைக்காசு போடாத செலவுக்கு வருமானம் வந்தது. 2013 முதல் மின் உற்பத்தியாளர்கள் பொதுவாக ஏலத்தில்தான் வாங்க வேண்டும் என்று ஆனது இதனால்தான். ஏற்றுமதிப் போட்டியைக் காரணம் காட்டிய எஃகு, சிமென்ட் ஆலைகளுக்கு இலவசம் தொடர்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் கார்பனுக்கும் விலை வைக்கும் எல்லைக் கார்பன் வரி 2026இல் முழுமையாக நடைமுறைக்கு வர, அந்த இலவசம் படிப்படியாகக் குறைந்து 2034இல் முடியவேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. முடிவுத் தேதி அவ்வளவு தள்ளிப் போனதே ஒரு பேரத்தின் விளைவு.

காலத்தைத் தள்ளிப்போடுவது அவ்வளவு பலன் தருமா?

நியூசிலாந்தைப் பாருங்கள். அந்நாட்டின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழப் பாதி விவசாயத்தில் இருந்து, அதிலும் பெரும்பங்கு ஆடுமாடுகளின் மீத்தேன். 2003இல் கால்நடை உமிழ்வு ஆராய்ச்சிக்கு ஒரு சிறு தீர்வை விதிக்கப் பார்த்தார்கள். விவசாயிகள் அதற்கு 'குசு வரி' என்று பெயர் சூட்டினார்கள், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் டிராக்டரை நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார், தீர்வை கைவிடப்பட்டது. 2008இல் உமிழ்வு வணிகச் சட்டம் வந்தபோது விவசாயம் 2013இல் சேரும் என்றது. 2009இல் அது 2015 ஆனது. 2012இல் காலவரையறையே இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. 2019இல் அரசும் பண்ணைத் துறையும் கைகுலுக்கி 2025 என்றன. 2024 ஜூனில் புதிய அரசு விவசாயத்தை அந்தத் திட்டத்தில் இருந்தே எடுப்பதாக அறிவித்தது. இருபது ஆண்டுகளில் யாரும் கொள்கையளவில் 'முடியாது' என்று சொல்லவில்லை. 'அடுத்த தவணை' என்றுதான் சொன்னார்கள்.

விளம்பரப் பிரசாரத்தால் ஓர் அரசே கவிழுமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு பிரதமர் போனார். 2010 மே மாதம் கெவின் ரட் அரசு சுரங்க லாபத்தின் மீது 40 சதவீத வரியை அறிவித்தது. சுரங்கத் துறை சுமார் 2.2 கோடி ஆஸ்திரேலிய டாலரை விளம்பரத்தில் இறக்கியது. எட்டு வாரத்துக்குள் ரட் பதவியில் இல்லை. அதற்கு அந்த வரி மட்டும் காரணமல்ல. முந்தைய ஆண்டு செனட்டில் இருமுறை தோற்ற கார்பன் வணிக மசோதாவைக் கிடப்பில் போட்டதும் அவர் செல்வாக்கைக் கரைத்திருந்தது.

பாடம் அதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. அடுத்து வந்த ஜூலியா கில்லார்ட் மூன்று பெரிய சுரங்க நிறுவனங்களோடு உட்கார்ந்து புதிய வரியை வடிவமைத்தார். விகிதம் 30 ஆனது, நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் மட்டும் என்றானது. பழைய சுரங்கங்களின் மதிப்பைச் சந்தை விலையில் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்றொரு ஷரத்தும் சேர்ந்தது. முதல் ஆறு மாத வசூல் 12.6 கோடி டாலர். முழு ஆண்டுக்கு எதிர்பார்த்ததோ 200 கோடி. வரி விகிதத்தைப் பற்றி ஊரே சண்டை போட்டது. பணத்தை விழுங்கியது அந்தக் கழிவு ஷரத்து.

டன்னுக்கு 23 டாலரில் 2012 ஜூலையில் தொடங்கிய கார்பன் விலையும் 2014 ஜூலையில் நீக்கப்பட்டது.

அறிவியலில் சந்தேகம் கிளப்புவதும் லாபியில் சேர்த்தியா?

தனி வேலை, ஒரே முதலாளி. 1989இல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் சேர்ந்து உலகக் காலநிலைக் கூட்டணி என்ற அமைப்பைத் தொடங்கின. வெளியே அது அறிவியல் உறுதியாகவில்லை என்றது. பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை நன்கு நிறுவப்பட்டது, மறுக்க முடியாதது என்று அதன் சொந்த அறிவியல் குழு 1995இல் உள்வரைவு எழுதியது. 2009இல்தான் அது வெளியே வந்தது. பி.பி., ஷெல், ஃபோர்டு என்று ஒவ்வொருவராக விலக, 2002வாக்கில் கூட்டணி கலைந்தது. அதற்குள் வேலை முடிந்திருந்தது: வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று 1997 ஜூலையில் அமெரிக்க செனட் 95க்கு 0 என்று தீர்மானம் போட்டது. வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பு வைத்த கியோட்டோ உடன்படிக்கை செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பப்படவே இல்லை.

இன்று நேரடி மறுப்பு குறைந்துவிட்டது. 'நல்ல நோக்கம்தான், ஆனால் வேலை போகும், விலை ஏறும், பக்கத்து நாடு எதுவும் செய்யவில்லை' என்ற வாதங்கள்தான் இப்போது அதிகம். இதில் சில நேரம் உண்மையும் இருக்கும். அதனால்தான் எதிர்கொள்வது கடினம்.

எல்லாத் தொழில்களும் எதிர்ப்புதானா?

இல்லை. லாபம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். குளிர்சாதனங்களில் பயன்படும், புவியைக் கடுமையாகச் சூடாக்கும் எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை 2022 செப்டம்பரில் அமெரிக்க செனட் 69க்கு 27 என்று ஏற்றது. காலநிலை ஒப்பந்தங்களுக்கு அங்கே அரிதாகக் கிடைக்கும் ஆதரவு. மாற்று வாயுக்களும் அவற்றுக்கான கருவிகளும் உள்நாட்டு நிறுவனங்களிடம் தயாராக இருந்தன. ஒப்பந்தத்தில் சேராவிட்டால் ஏற்றுமதிச் சந்தை போய்விடும். குளிர்சாதனத் தொழில் சங்கமே வாசல் வாசலாக ஏறி ஆதரவு கேட்டது.

ஆதரவுக்கும் விலை உண்டு. வாக்ஸ்மன்-மார்க்கி மசோதாவை ஆதரித்த நிறுவனங்கள் பேசி வாங்கியதில், எல்லா அனுமதிகளையும் ஏலம் விடும் யோசனை போய், தொடக்கத்தில் சுமார் 85 சதவீதம் இலவசம் என்றானது. அவ்வளவு கொடுத்தும் 219க்கு 212 என்றுதான் கீழ்ச்சபையில் தேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஒரு நிறுவனம் காலநிலை நடவடிக்கையை ஆதரிக்கிறது, அதன் சங்கம் எதிர்க்கிறது. எப்படி?

சங்கம் அதற்காகவே இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் சுத்தமாக இருக்கும். கடுமையான வேலையைச் சங்கம் செய்யும். இன்னொரு காரணமும் உண்டு: நூறு உறுப்பினர்களில் பத்துப் பேருக்கு உயிர்ப் பிரச்சினை, தொண்ணூறு பேருக்குப் பெரிதாக அக்கறை இல்லை என்றால், அந்தப் பத்துப் பேரின் குரல்தான் சங்கத்தின் குரல். சிலர் வெளியேறுவதும் உண்டு. 2009இல் ஆப்பிளும் சில மின் நிறுவனங்களும் அமெரிக்க வர்த்தக சபையை விட்டன. 2021இல் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல், எண்ணெய்த் துறைச் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டை விட்டது. ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியை எடைபோட வேண்டுமானால், அது சந்தா கட்டும் சங்கங்களின் பட்டியலை முதலில் பாருங்கள்.

தொழிற்சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் செய்வதும் லாபிதானே?

ஆமாம். ஜெர்மனியின் நிலக்கரி ஆணையத்தில் தொழில்துறை, தொழிற்சங்கம், சுரங்க வட்டாரங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் ஒரே மேசையில் அமர்ந்தன. 2019இல் வந்த முடிவு: நிலக்கரி மின்சாரம் 2038க்குள் முடிவு, சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ. பழுப்பு நிலக்கரி நிலையங்களுக்காக இரு நிறுவனங்களுக்கு 435 கோடி யூரோ இழப்பீடு என்று பிறகு அரசு ஒப்புக்கொண்டது. மெதுவான, விலை கூடிய வழி. ஆனால் பேரம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது.

சட்டம் வந்துவிட்டால் ஆபத்து நீங்கியதா?

இல்லை. மின்நிலையங்களின் கார்பன் உமிழ்வைக் கட்டுப்படுத்த ஒபாமா அரசு கொண்டுவந்த விதியை, கீழ் நீதிமன்றம் விசாரித்து முடிக்கும் முன்பே 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று நிறுத்திவைத்தது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட இடம் தரும் முதலீட்டு ஒப்பந்தங்கள் இன்னொரு வாசல்: 2030க்குள் நிலக்கரியை நிறுத்தும் நெதர்லாந்துச் சட்டத்துக்காக ஒரு ஜெர்மானிய மின் நிறுவனம் எரிசக்திச் சாசன ஒப்பந்தத்தின் கீழ் 140 கோடி யூரோ கேட்டு 2021இல் நடுவர் மன்றம் போனது. 2023இல் வழக்கைத் திரும்பப் பெற்றது. வழக்கு தோற்றாலும், அடுத்த நாட்டு அமைச்சரவை ஒருமுறை யோசிக்கும்.

சலுகை கொடுத்துத் தொழில்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் சட்டம் நிலைக்காதா?

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்த நம்பிக்கையில்தான் தூய எரிசக்திக்கு வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் தொகுதிகளில்கூட ஆலைகள் வந்தன. 2024 ஆகஸ்டில் அந்தக் கட்சியின் 18 உறுப்பினர்களே சலுகைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் சூரிய, காற்றாலை, மின்வண்டிச் சலுகைகளில் பெரும்பகுதியை வெட்டியது. சில உற்பத்திச் சலுகைகள் பிழைத்தன. ஆக, அரைக் கவசம்.

லாபியின் தாக்கத்தை அளக்க முடியுமா?

செலவை அளக்கலாம், தாக்கத்தை அளப்பது கடினம், ஏனென்றால் லாபி நடக்காத அதே நாடு ஒப்பிடக் கிடைக்காது. வாக்ஸ்மன்-மார்க்கி மசோதாவைப் பற்றி 2019இல் வந்த ஓர் ஆய்வு, மசோதா நிறைவேறும் வாய்ப்பு ஏறி இறங்கியபோது ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கு விலையும் எப்படி அசைந்தது என்று பார்த்து, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பிரித்தது. லாபம் பெறுவோரும் செலவிட்டார்கள். ஆனால் நஷ்டமடைவோரின் பணம் கூடுதலாக வேலை செய்தது. நிறைவேறும் வாய்ப்பை லாபி 13 சதவீதப் புள்ளிகள் குறைத்தது என்பது அதன் மதிப்பீடு.

லாபி பதிவேடுகளை எப்படி வாசிப்பது?

எது இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் காலாண்டு முடிந்து 20 நாளுக்குள் அறிக்கை வரும். மசோதா எண்ணும் தொகையும் இருக்கும். ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்பது இருக்காது. எந்த உறுப்பினரைச் சந்தித்தார்கள் என்பதும் இருக்காது. பொதுமக்களைத் தூண்டும் விளம்பரச் செலவு சேராது. கனடாவில் மாதாந்திர அறிக்கையில் சந்தித்த அதிகாரியின் பெயரே வரும். பிரிட்டனில் ஆலோசனை நிறுவனங்கள் மட்டும் பதிந்தால் போதும். நிறுவனத்தின் சொந்த ஊழியர் அமைச்சரைச் சந்தித்தால் அந்தப் பதிவேட்டில் தடயமில்லை. 2022இல் பதிவேடு தொடங்கிய ஜெர்மனி, 2024 முதல் அரசுக்குக் கொடுத்த அடிப்படை அறிக்கைகளையும் பதிவேற்றச் சொல்கிறது. இதுவரை உள்ளதில் உருப்படியானது அதுதான்.

பயன்படும் முறை: பதிவேட்டிலிருந்து மசோதா எண்ணையும் நிறுவனத்தையும் எடுங்கள். அந்த நிறுவனமும் அதன் சங்கமும் விதி வரைவுக்கு எழுதிய கருத்துக் கடிதங்களைத் தேடுங்கள். பிறகு முதல் வரைவையும் இறுதி உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடிதத்தில் கேட்ட சொற்றொடர் இறுதி உரையில் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே இருப்பதும் உண்டு.

ஒரு காலநிலை மசோதா கையில் கிடைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

முகவுரையை விட்டுவிடுங்கள். வரையறைப் பிரிவு முதலில்: யார் 'உமிழ்வோர்', எத்தனை டன்னுக்கு மேல், எந்த வாயுக்கள். அடுத்து பிற்சேர்க்கை அட்டவணைகள். விலக்குகள் பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருக்கும். பிறகு தேதிகள்: எப்போது தொடங்கும், எந்த அடிப்படை ஆண்டு. உமிழ்வு உச்சத்தில் இருந்த ஆண்டை அடிப்படையாக வைத்தால் ஒன்றும் செய்யாமலே பாதி இலக்கு எட்டியிருக்கும். கடைசியாக 'செய்ய வேண்டும்', 'செய்யலாம்' என்ற இரண்டு சொற்களையும் தேடி எண்ணுங்கள். முன் வரைவில் 'வேண்டும்' என்றிருந்த இடத்தில் இப்போது 'லாம்' இருந்தால், அந்த இடைப்பட்ட வாரங்களில் யார் வந்துபோனார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள்.